சுருங்குதல் வேறு, குன்றுதல் வேறு

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணுமிடத்துக் குன்றக் கூறலை முதலில் வைத்தார். அழகுகள் பத்தினை எண்ணுமிடத்துச் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். இரண்டும் அளவிற் சிறுத்தலே. எனினும் ஒன்று குற்றமாகவும் மற்றது அழகாகவும் கொள்ளப்பட்டது. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கப் புகும் ஆசிரியருக்கு, மாணவர் விரும்பி ஆடும் விளையாட்டொன்று தக்க சான்றாக உதவும் என்பது எம் துணிபு. தமிழாசிரியருக்கு இயந்திர விளையாட்டிலே என்ன வேலை என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிப்பாராக.

1991 ஆம் ஆண்டில் யப்பான் நாட்டுக் கப்கொம் கம்பனியார் ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ என்னும் சண்டை விளையாட்டை வெளியிட்டனர். அது வீட்டில் வைத்து ஆடுதற்கென முதலில் அமைந்ததன்று. விளையாட்டுக் கூடங்களிலே, காசு போட்டு நின்றுகொண்டு ஆடும் பெரிய பெட்டியாக அது வந்தது. திசைகளைக் காட்ட ஒரு கைப்பிடியும், தாக்குதற்கு ஆறு பொத்தான்களும் அதில் உண்டு. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. அவை மென்மை, இடைமை, வன்மை என வகுக்கப்பட்டன. பல நாட்டு வீரர் பன்னிருவர் அதிலே தோன்றினர். ஆடுவோர் தாமே தெரிந்து கொள்ளத்தக்கவர் எண்மர். ஏனைய நால்வர் இறுதியில் எதிர்நிற்போர். அடுத்த ஆண்டிலேயே வந்த திருத்தப் பதிப்பில் பன்னிருவரையும் தெரிந்து ஆடலாயிற்று.

இப்பெரும் பெட்டியை உள்ளங்கையில் அடக்க முயன்றது 1995 இல் வந்த பதிப்பு. நிண்டெண்டோ கம்பனியார் 1989 இல் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவிக்காக அது செய்யப்பட்டது. கூடத்து இயந்திரத்தின் திரை அகலத்தில் 384, உயரத்தில் 224 புள்ளிகளைக் கொண்டது. கேம் பாயின் திரையோ 160க்கு 144 புள்ளிகளே. பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பல வண்ணங்கள் இருந்த இடத்திலே நான்கு சாயல்கள் மட்டுமே கிடைத்தன. ஆறு தாக்குப் பொத்தான்கள் இருந்த இடத்திலே இரண்டே எஞ்சின.

இந்நெருக்கடியிலே அதனை ஆக்கியோர் கண்ட வழி பாராட்டத் தக்கது. ஒரு பொத்தானைக் குத்துக்கும் மற்றதனை உதைக்கும் வைத்தனர். பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்தின் அளவைக் கொண்டு அடியின் வன்மையைத் தீர்மானித்தனர். பொத்தான்கள் குறைந்தன; ஆயினும் மெல்லடிக்கும் வல்லடிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழியவில்லை. எப்பொழுது மெல்ல அடிப்பது, எப்பொழுது வலிந்து அடிப்பது என்று தெரிவதே அவ்விளையாட்டின் உயிர். உயிரைக் காத்து உடலைச் சிறிதாக்கிய இச்செயலைச் சுருங்கச் சொல்லல் எனத் தயங்காது கூறலாம்.

அப்பதிப்பிலேயே குன்றக் கூறலும் உண்டு. பன்னிருவருள் ஒன்பதின்மரே கையடக்கக் கருவிக்கு வந்து சேர்ந்தனர். விடுபட்ட மூவர் யப்பானிய சுமோ மல்லன் ஒருவன், இசுப்பானிய வீரன் ஒருவன், இந்திய யோகியாகிய தால்சிம். கைகால்களை நெடுந்தூரம் நீட்டித் தாக்குபவனும், வாயினின்று நெருப்பை உமிழ்பவனும் இந்தத் தால்சிம். அவ்வுருவம் யோக நெறியை உள்ளவாறு காட்டுவதன்று; மண்டையோட்டு மாலையணிந்த அக்கற்பனையை நாம் மெச்சவும் இல்லை. ஆயினும் வறியோருக்குப் பொருளீட்டும் பொருட்டே அவன் போரிடுகின்றான் என்பது அவன் கதை. எட்டநின்று அடிக்கும் அவனுடைய ஆட்டமுறை மற்றெவருக்கும் இல்லாதது. அவன் நீங்கியபோது பன்னிருவருள் ஒருவன் மட்டும் குறையவில்லை. ஓர் ஆட்டமுறையே குறைந்தது. தெற்காசியாவின் சார்பில் அங்கு நின்ற ஒரே முகமும் உடன் மறைந்தது.

இடம் சிறிதாயின் எவரையேனும் விடத்தானே வேண்டும் என்பார் உளர். அவர்க்கு விடையாக 2002 ஆம் ஆண்டின் பதிப்பொன்றைக் காட்டுவோம். 1998 இல் கூடங்களுக்கு வந்த ‘ஸ்ட்ரீட் பைட்டர் அல்பா 3’ என்னும் விளையாட்டை, இங்கிலாந்தின் குரோபிஷ் கம்பனியார் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவிக்கு ஏற்பச் செய்தனர். கருவி முன்னையதினும் வலியது என்பது மெய்யே. எனினும் கூடத்து இயந்திரத்தோடு ஒப்பிட அதுவும் சிறியதே. அவர்கள் பின்னணிக் காட்சிகளைக் குறைத்தனர், இசையைக் குறைத்தனர். வீரர்களை மட்டும் குறைத்தாரல்லர். முப்பதுக்கு மேற்பட்டோரை அப்படியே கொணர்ந்ததோடு வேறு மூவரையும் சேர்த்தனர். தால்சிமும் அதிலே இடம் பெற்றான். திரைச்சீலையைக் கிழித்தாலும் ஆடுவோரை வெளியேற்றலாகாது என்னும் நெறியை அங்கே காண்கின்றோம்.

இந்நெறி எமக்கு மிக அணித்தான ஒன்றுக்கும் பொருந்தும். சப்பிரகமுவத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்படும் காமன் கூத்தை இப்பொழுது பாடசாலை மேடைக்குச் சுருக்கிக் கொணர்கின்றோம். காமன் ஊன்றுவது முதல் எரிப்பது வரை பல நாள் நிகழ்வது அது. மேடையிலோ சில நிமிடங்களே கிடைக்கின்றன. சுருக்குவதை நாம் வெறுக்கவில்லை. சுருக்காவிடின் எம் பிள்ளைகள் பலர் அதனைக் காணவே மாட்டார். ஆனால் எதனைக் குறைக்கின்றோம்? பளபளக்கும் உடைகளும் வண்ண விளக்குகளும் நிற்கின்றன. தப்பு அடிப்போர் நீங்கி, அவரிடத்தை ஒலிப்பதிவு நிரப்புகின்றது. இரதியின் புலம்பல் இரண்டடியில் முடிகின்றது. பின்னணியை வைத்துக்கொண்டு ஆட்டக்காரரை வெளியேற்றிய கூத்து அது. தப்பு முழங்காத இடத்திலே காமன் கூத்தும் இல்லை. அத்தப்பை முழக்கியோர் எவர், அவர் தோட்டத்திலே எவ்விடத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதை அறிந்தோர்க்கு அவரது நீக்கம் சிறு செய்தியன்று.

கூத்துக்கு நேர்வதே வரலாற்றுக்கும் நேர்கின்றது. மலையக மக்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நுவரெலியாவிலே தொடங்கி அற்றனிலே முடிகின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கை படமாக வருகின்றது. இருள் நீங்குமுன் எழுந்து இறப்பர் மரத்திற் பால் வெட்டும் கை வருவதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் சிங்கள ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிறு தோட்டங்களும், அங்கே தமிழ்ப் பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகளும் இடமின்மை என்னும் காரணத்தால் விடுபடுகின்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இவர்களையும் அதே வலிமையுடன் தாக்கின. துன்பத்திலே பங்கு கொண்டோர்க்கு ஏட்டிலே பங்கில்லை.

எம் பழைய மாணவருள் இன்று போட்டிகளுக்கு நடுவராய் இருப்போரும், மலர்களுக்கு ஆசிரியராய் இருப்போரும், பாடக்குறிப்பு எழுதுவோரும் பலர். அவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நேரமும் பக்கமும் குறைவு என நீவிர் கூறுங்கால் அதனை ஏற்கின்றோம். முதலில் வாழ்த்துரைகளைக் குறைத்திடுக; அலங்காரத்தைக் குறைத்திடுக; கூறியது கூறலை நீக்கிடுக. ஆட்களின் பட்டியலைத் தொடுவதாயின் அதனை இறுதியில் தொடுக; தொடுமுன் எவர் பெயர் அழிகின்றது என்பதை ஒருமுறை வாய்விட்டு வாசித்திடுக.