தகரத்தைத் தின்னும் காற்று

சிம்லாவில் வீடு கட்டுகிறவர் கூரைத் தகரம் வாங்குமுன் பனியைக் கணக்குப் போடுகிறார். ஒரு மீட்டர் உயரத்துக்குப் படிந்து இறுகிய பனி, ஒரு சதுர மீட்டர் கூரையில் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே கூரையை நன்றாகச் சரித்து, அடியில் சட்டங்களை நெருக்கமாகக் கொடுக்கிறார்கள். பனி வழுக்கி விழுகிறது, வீடு பிழைக்கிறது.

அதே தகரம் கப்பலேறி கேம்பல் பே போனால் கதை வேறு. கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கும் ஊர் அது. 1969-லிருந்து முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு அங்கே குடியேற்றியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தவர். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எல்லார் கூரைக்கும் எதிரி ஒன்றுதான்: உப்புக் காற்று.

பனி கூரையை மேலிருந்து அழுத்துகிறது. கடற்காற்றோ கீழிருந்து தூக்கப் பார்க்கிறது. தூக்க முடியாத நாட்களில் சும்மா இருப்பதில்லை, உட்கார்ந்து தின்கிறது. மழை பெய்தால் தகரத்தின் மேற்புறத்து உப்பாவது கழுவிப்போகும். இறவாரத்தின் அடிப்பக்கத்தில் மழை படுவதில்லை. அங்கே படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிதானமாக வேலை செய்யும். மேலே பளபளக்கும் கூரை கீழே பொத்தலாகிக் கொண்டிருக்கும்.

தகரக் கூரை என்றால் என்னவென்று இந்தத் தீவுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீவின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சுனாமி கரையோர ஊர்களைத் துடைத்துப் போட்டது. பிழைத்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் கிடைத்தன. பகலில் அடுப்பு, மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அவசரத்துக்குப் போட்ட கொட்டகையைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் நிரந்தர வீடு கைக்கு வரப் பல வருஷங்கள் ஆயின. அத்தனை வருஷமும் அவசரம் என்று சொல்ல முடியுமா?

இதனால் உலோகக் கூரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிலம் அடிக்கடி நடுங்கும் இடத்தில் தலைக்கு மேல் கனம் குறைவாக இருப்பது உயிருக்கு நல்லது. கான்கிரீட் போடலாம் என்றால் சிமெண்டும் கம்பியும் கப்பலில்தான் வர வேண்டும். வந்த பிறகு கம்பியையும் அதே உப்பு விடாது. ஆகவே தகரம் வேண்டும். எந்தத் தகரம் என்பதுதான் கேள்வி.

கடையில் எல்லாரும் 'எத்தனை கேஜ்?' என்று கேட்கிறோம். கேஜ் சொல்வது தகட்டின் தடிமனை. கடலோரத்தில் கேட்க வேண்டியது அதன் மேல் பூசிய துத்தநாகத்தின் எடையை. ஒரு சதுர மீட்டருக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 120 கிராம் பூச்சும் உண்டு, 275 கிராமும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பூச்சு இருக்கும்வரைதான் இரும்பு பத்திரம். எனவே ஆயுளில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இன்னும் தாங்கும். ஆனால் உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். அலையடிக்கும் கரையோர வீடுகளுக்குச் செல்லாது என்று பலவற்றில் இருக்கும். கரையை ஒட்டிய வீட்டுக்குச் சுத்த அலுமினியத் தகடுதான் நல்லது. விலை கூடுதல். அதைச் சாதாரண இரும்பு ஆணியால் அடித்தால் அந்தச் செலவும் வீண். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் ரப்பர் வாஷரும் வேண்டும். காற்று அதிகம் பிடித்திழுப்பது ஓரங்களையும் முகட்டையும் என்பதால் அங்கே திருகுகளை நெருக்கிப் போட வேண்டும். உள்ளே காற்றோட்டமுள்ள ஒரு மச்சு இருந்தால் வெயிலும் மழைச் சத்தமும் பாதியாவது அடங்கும்.

இதெல்லாம் செலவுதானே என்று அதிகாரிகள் கேட்பார்கள். மட்டமான தகட்டுக்கும் நல்ல தகட்டுக்கும் கப்பல் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்றி இறக்கும் கூலியும், மேலே ஏறி மாட்டுகிறவர் கூலியும் அப்படியே. மட்டமானதை வாங்கினால் இத்தனையையும் மறுபடி கொடுக்க வேண்டும். டெண்டரில் ஒரு தகட்டின் விலையைப் பார்க்கிறார்களே தவிர, அது எத்தனை வருஷம் நிற்கும் என்று வகுத்துப் பார்ப்பதில்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று பெரிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. காட்டையும் ஆமைகளையும் ஷோம்பென் மக்களையும் முன்னிட்டு எழுந்த எதிர்ப்பு தனிக் கதை. திட்டம் வந்தால் கூடவே ஆயிரக்கணக்கில் கூரைகள் வரும். அவற்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் கீழே தூங்கப் போவதில்லை. கையெழுத்துப் போடுமுன் கேம்பல் பேயில் ஏதாவது ஒரு பழைய வீட்டு இறவாரத்தின் அடியில் ஐந்து நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். மேலே விரல் நுழையும் ஓட்டைகள் தெரியும்.