ஓடும் வண்டியில் ஒரு சின்ன நெருப்பு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டு பக்கம் விடியற்காலையில் ஒரு டூரிஸ்ட் வேன் நின்றால் அதில் என்னென்ன ஏறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். பாய், தலையணை, புளியோதரை அண்டா, முறுக்கு டின், தண்ணீர் கேன்... கடைசியாகப் பின் சீட்டுக்கு அடியில் ஒரு சிலிண்டர், கூடவே ஒற்றை பர்னர் அடுப்பு. ஹோட்டல் செலவு மிச்சம். குழந்தைக்குப் பால் காய்ச்சலாம், பாட்டிக்கு வெந்நீர் வைக்கலாம். யாராவது கேட்டால் "இத்தனை வருஷமா இப்படித்தான் போறோம், என்ன ஆயிடுச்சு?" என்று பதில் வரும்.

என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை பார்த்தது. லக்னோவிலிருந்து 17ஆம் தேதி கிளம்பிய ஒரு தனியார் சுற்றுலா ரயில் பெட்டி, மதுரையில் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விடிகாலை ஐந்தேகால் மணி இருக்கும். பயணிகள் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரை வைத்து டீ போடப் பார்த்திருக்கிறார்கள். தீ பிடித்து 9 பேர் இறந்தார்கள். கவனிக்க வேண்டியது, பெட்டி அப்போது ஓடவே இல்லை. நின்றுகொண்டிருந்த பெட்டியிலேயே இந்தக் கதி.

ரயிலில் இது குற்றம். 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தது. ஆயிரம் ரூபாய்! ஒரு மூட்டை அரிசிகூட வராது.

சரி, இப்போது கொஞ்சம் வெளிநாட்டுப் பக்கம் போவோம். கேரவன் என்றால் நம்மூரில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது குடும்பத்தோடு ஊர் சுற்றும் நடமாடும் வீடு. அதில் பல வண்டிகளில் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. நெருப்பை வைத்துக் குளிர வைப்பதா என்று சிரிக்க வேண்டாம். 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. (காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு பைண்டிங் மட்டும் போட்டு வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.) சின்னச் சுடர் ஒன்று அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகப் பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது.

வண்டி ஓடும்போது அந்தச் சுடரை எரிய விடலாமா என்பதில்தான் கேரவன்காரர்களுக்குள் ஓயாத சண்டை. விடலாம் என்கிறவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. காற்றில் சுடர் அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்பு ஃபிரிட்ஜிலேயே உண்டு. விபத்தின் அதிர்ச்சியை உணர்ந்து வாயுவை அடைக்கும் ரெகுலேட்டர்களும் ஐரோப்பாவில் விற்கிறார்கள். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டால் இறைச்சியும் பாலும் என்ன ஆவது?

ஆனாலும் அணைப்பதுதான் சரி. சுடர் அணைந்தால் காப்பாற்றும் அமைப்பு, மோதலில் குழாயே முறிந்தால் என்ன செய்யும்? கேஸ் வெளியே வரும் இடம் ஃபிரிட்ஜுக்கு முன்னாலேயே ஆகிவிடுகிறதே. இன்னொன்று, பெட்ரோல் பங்க். பீடியை அணைக்கச் சொல்லும் இடத்துக்குள் எரிகிற அடுப்போடு வண்டியை ஓட்டிக்கொண்டு போவதற்கு என்ன நியாயம் சொல்வது? அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துச் சுரங்கச் சாலைகளில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் புரொப்பேன் இருக்கும் வண்டியை உள்ளேயே விடுவதில்லை.

உணவு கெடும் என்ற கவலைக்கு வழி இருக்கிறது. முதல் நாள் இரவே ஃபிரிட்ஜை நன்றாகக் குளிர வைத்து, ஐஸ் அடைத்து, வழியில் திறக்காமல் வந்தால் சில மணி நேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஃபிரிட்ஜ்களும் வந்துவிட்டன.

அவர்கள் ரெகுலேட்டர், சென்சார் என்று சண்டை போடுகிறார்கள். நம்ம வேனில் என்ன இருக்கிறது? வீட்டுச் சிலிண்டர், பழைய ரப்பர் டியூப், கயிறுகூடக் கட்டவில்லை. எல்பிஜி காற்றைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, சீட்டுக்கு அடியில் தேங்கும். ஏசி வேனில் ஜன்னலும் மூடியிருக்கும். காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சிலிண்டரைப் படுக்க வைப்பது அதைவிட மோசம். ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளியே வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு ஆகும். வாசனை வருமே என்றால், தூங்குகிற ஆளுக்கு மூக்கு வேலை செய்யுமா?

டிரைவர் சொன்னால் கேட்கலாம். ஆனால் அவர் சொல்ல மாட்டார். "சிலிண்டர் ஏத்தக் கூடாது சார்" என்று சொன்னால் அடுத்த சவாரி வேறு வேனுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வேன் வைத்திருக்கும் எல்லோரும் ஒரே நாளில் மறுத்தால்தான் இது நிற்கும். சங்கங்கள் இதைச் செய்யலாம், டீசல் விலைக்குக் கூடுகிற கூட்டத்தில் பத்து நிமிஷம் போதும்.

கேஸ் இல்லாமல் முடியாது என்று அடம்பிடிப்பவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யலாம்: சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்புவது. சமைக்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி, சிலிண்டரை வெளியே இறக்கி, வேனிலிருந்து தள்ளி வைத்துச் சமைப்பது. பாட்டியின் வெந்நீருக்கும் குழந்தையின் பாலுக்கும் அதுகூட வேண்டாம். வீட்டிலேயே காய்ச்சி ஒரு நல்ல பிளாஸ்க்கில் ஊற்றினால், காஞ்சிபுரம் தாண்டி வேலூர் வந்த பிறகும் சூடாகத்தான் இருக்கும்.