பரிமாறும் கைக்கு முதற்கடமை



ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முணுமுணுப்பு எதனைப் பற்றியது? விசுவாசக் கோட்பாட்டைப் பற்றியது என்றே நம்மிற் பலர் எண்ணக்கூடும். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரமோ சோற்றுப் பந்தியைக் காட்டுகின்றது. எருசலேமில் நாளாந்தப் பகிர்வின்போது கிரேக்க மொழி பேசியோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. பரிமாறியோரும் விடுபட்டோரும் ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்கள். ஒரே அப்பத்தைப் பிட்டவர்கள். ஆயினும் மொழியும் பழக்கவழக்கமும் வேறாயிருந்தன.

பரிமாறுபவர் நம்மவரானால் கடைப்பந்தியில் இருந்தாலும் குறைவில்லை என்பார்கள் நம் முன்னோர். அந்தக் கைம்பெண்களுக்குப் பரிமாறும் இடத்தில் ‘நம்மவர்’ இருக்கவில்லை. திருத்தூதர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறையிட்டோரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாயிருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவுமில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொல்லி, அவ்வெழுவரிடம் பந்தியின் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே.

பிற பண்பாட்டினரோடு செம்மையாகப் பழகும் ஆற்றலை அறிஞர்கள் இன்று ‘பண்பாட்டு நுண்ணறிவு’ என அழைக்கின்றனர். கிறிஸ்டோபர் ஏர்லி, சூன் ஆங் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் இதனைத் தனி நூலாகவே எழுதினர். பழக வேண்டுமென்ற விருப்பம், மற்றவரின் வழக்கங்களைப் பற்றிய அறிவு, தன் முடிவுகளைத் தானே சோதித்துப் பார்க்கும் நிதானம், அதற்கேற்ப நடையை மாற்றிக்கொள்ளும் பக்குவம் என்னும் நான்கும் சேர்ந்ததே அவ்வாற்றல் என்பர். இந்நான்கையும் நம் மண்ணில் வாழ்ந்து காட்டியவர்களை நாம் அறிவோம்.

கோவாவைச் சேர்ந்த புனித யோசப் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. கொங்கணி பேசிய அவர், ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வீடுவீடாகச் சென்று நம் மக்களைத் தேடினார். தமிழையும் சிங்களத்தையும் கற்றுக்கொண்டார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் அந்நகரைப் பெரியம்மை தாக்கியபோது, சமயம் பாராது நோயாளரைத் தேடிச் சென்று பணிபுரிந்தார். சந்தேகித்த ஊர் அவரைத் தன்னவராக ஏற்றது இவ்விதமே.

அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார், அகராதிகளும் தொகுத்தார். தவக்காலத்தில் நம் ஊர்களில் ஓதப்படும் வியாகுல பிரசங்கம் அவருடைய கைவண்ணமே. வேற்றுமொழியாளர் ஒருவர் எழுதியது என்ற நினைவே எழாத அளவுக்கு அது நம் துயரத்தின் குரலாகிவிட்டது.

அன்பானவர்களே, இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மொழியின் பெயரால் காயப்பட்ட மக்கள் நாம். நம்மைப் பிறர் புரிந்துகொள்ளட்டுமே, நாம் ஏன் முந்த வேண்டும்? அக்கேள்வியில் நியாயமுண்டு. எருசலேமின் பந்தியும் அந்நியாயத்தையே ஏற்கின்றது. புரிந்துகொள்ளும் கடமை, அகப்பையைக் கையில் வைத்திருப்பவருக்கே முதலில் உரியது. நாட்டின் பெரும்பான்மையினரிடம் நாம் இதனைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அகப்பை நம் கையில் இருக்கும் இடங்களும் உள்ளனவே!

1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களும் தமிழரே, ஆயினும் அவர்களுடைய பேச்சும் சடங்கும் சற்று வேறு. அத்தகைய குடும்பம் உங்கள் பங்கில் இருந்தால், ஆலயத்தைப் பெருக்க மட்டும் அழைக்கப்படுகின்றதா, அன்றிப் பங்குச் சபையிலும் அமர்த்தப்படுகின்றதா? வெளிநாட்டில் மணமுடித்த மகன் அந்நாட்டு மருமகளோடு வீடு வரும்போது, அவள் மாமியைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் உடனே மரியாதையற்றவள் என்று தீர்ப்பிடுகிறோமா? அவளுடைய ஊரில் அதுவே நெருக்கத்தின் அடையாளமாக இருக்கலாமே! மடுத் திருவிழாவில் அருகே கூடாரமிட்டிருக்கும் சிங்களக் குடும்பத்தின் பெயரையேனும் கேட்டறிந்திருக்கிறோமா?

தீர்ப்பிடுமுன் கேளுங்கள். பத்துச் சொற்களையாவது அவர்கள் மொழியிற் கற்றுக்கொள்ளுங்கள். பொறுப்பில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள். இதனால் நம் தமிழ் தேய்ந்துவிடாது. யோசப் வாஸ் அடிகளார் நம்மொழி பேசியதால் கோவாவின் மைந்தர் அல்லாமற் போய்விடவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்றைய தினமே மடு அன்னையின் சந்நிதிக்கும் வந்தார். இரு மொழியினரும் ஒரே அன்னையிடம் மன்றாடும் திருத்தலம் அது. ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் நாம், எழுந்த பின்னரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வரத்தை இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.