தனிமன்றம் இருந்தும் தவிக்கும் அறம்

குடிக்கும் நீரில் மாந்தக் கழிவைக் கலப்பதினும் கீழான செயல் ஒன்று உண்டோ? அச் செயல் எங்கோ அயல்மண்ணில் அன்று, தமிழ் மண்ணில் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்களின் மேல்நிலை நீர்த்தொட்டியில் அவ் விழிவு நேர்ந்தமை, குழந்தைகள் நோயுற்ற பின்னரே, திருவள்ளுவர் ஆண்டு 2053இல் (26.12.2022) வெளிப்பட்டது. அங்குச் சென்ற மாவட்ட ஆட்சியர் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளையையும் கோயில் வாயிலில் தடையையும் கண்டார்.

இத்தகைய கொடுமைகளுக்கெனத் தனிமன்றங்கள் ஏன் தோன்றின? பொதுமன்றங்கள் கைவிட்டமையால் தோன்றின. 25.12.1968இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. கீழ்மன்றம் தண்டித்த நிலக்கிழாரை 1973இல் உயர்வழக்குமன்றம் விடுவித்தது. இத்தகைய பட்டறிவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. 2015ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குக் கூர்மை தந்தது. தனிமன்றம் நாள்தோறும் உசாவ வேண்டும். குற்ற அறிக்கை வந்த இரு திங்களில் கூடியவரை வழக்கை முடிக்க வேண்டும். புலனாய்வோ 60 நாளில் முடிய வேண்டும். இவையெல்லாம் தாளில் உள்ளன.

வேங்கைவயலில் நடந்தது யாது? 60 நாள் ஈராண்டிற்கு மேல் நீண்டது. கெட்ட நீரைக் குடித்தோருள் சிலரையே குருதி ஆய்வுக்கு அழைத்தனர். உயர்வழக்குமன்றம் 2023இல் ஓராள் ஆணையம் அமைத்தது. இறுதியில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த குற்ற அறிக்கை, அவ்வூர் ஒடுக்கப்பட்ட மக்களுள் மூவரையே குற்றஞ்சாட்டியது. ஊர் மக்கள் அதனை ஏற்க மறுத்துப் போராடினர். குற்றஞ்சாட்டப்பட்டோரும் பட்டியல் வகுப்பினரே என்பதால் இச் சட்டம் பொருந்தாதென்று, 3.2.2025இல் வழக்குத் தனிமன்றத்தினின்று பொதுக் குற்றவியல் நடுவர் மன்றத்திற்கு மாற்றப்பட்டது.

அம் மூவர் குற்றவாளிகளா அல்லரா என்பதைச் சான்று கண்டு மன்றமே முடிவு செய்யும். ஆனால் இங்குப் பிறக்கும் வினா வேறு. எந்த மன்றம் வழக்கைக் கேட்பது என்பதைக் காவல்துறையின் தாளே முடிவு செய்கின்றதன்றோ? வாயிற்காவலன் கையில் திறவுகோலைக் கொடுத்துவிட்டு, உள்ளே அறத்தை அரியணையில் அமர்த்தி என்ன பயன்?

"தனிமன்றம் எதற்கு? எல்லார்க்கும் ஒரே மன்றம் போதும்" என்பார் சிலர். அவர்க்கு வெண்மணியின் சாம்பலே விடை. "ஊர்ப்பெரியோர் கூடிப் பேசித் தீர்க்கலாம்" என்பார் வேறு சிலர். இரட்டைக் குவளை வைத்திருந்த ஊரில் பேசுவோர் யார்? பேச்சற்று நிற்போர் யார்? வலியாரும் மெலியாரும் ஒரே பாயில் அமராத இடத்தில் பேச்சு ஒப்புரவாகாது, பணியவைத்தலே ஆகும்.

இனி வேண்டுவன மூன்று. கொடுமையுற்றோர் மறுக்கும் குற்ற அறிக்கையைப் பிற மன்றத்திற்குத் தள்ளுமுன், தனிமன்றமே தன் மேற்பார்வையில் மறுபுலனாய்வு நடத்துவிக்க வேண்டும். 60 நாள் வரம்பைக் காரணமின்றி மீறும் அலுவலர்மீது, கடமை தவறியோரைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவு பாய வேண்டும். மூன்றாவது, மொழி. கொடுமையுற்றோர் கேட்கப்படும் உரிமையை 15அ பிரிவு தருகின்றது. ஆயின் மேன்முறையீடு செல்லும் உயர்வழக்குமன்றத்தில் ஆங்கிலமே ஆள்கின்றது. அங்குத் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியும் தில்லி இசையவில்லை. தன் வழக்கு யாது எனத் தானே அறியாமல் நிற்பவர்க்கு, கேட்கப்படும் உரிமை வெறுஞ்சொல் அன்றோ?

பழம்பெரும் மதுரையில் அறங்கூறவையம் இருந்ததென மதுரைக்காஞ்சி கூறுவதாகப் பெருமை பேசுவோர், வேங்கைவயலைப் பார்க்கட்டும். சாதியைச் சுமந்துகொண்டே தமிழ்ப்பெருமை பேசுதல், நஞ்சு கலந்த குடத்திற்குப் பூச்சூட்டுவதாகும். அக் குடத்தைக் கவிழ்க்கும் துணிவே தமிழர்க்கு இன்று வேண்டுவது.