மருந்தாகாத புரதமும் மக்களுக்குப் பயன்படும்

மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவினுள் விளைவிக்கலாம் என்றவுடன் பலருக்கும் இன்சுலினே நினைவுக்கு வருகிறது. இம்முறையில் ஆக்கப்பட்ட மனித இன்சுலின் 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதுமுதல், இவ்வாறு ஆக்கப்படும் ஒவ்வொரு புரதத்தையும் "இது எந்நோய்க்கு மருந்து?" என்று கேட்டே மதிப்பிடும் வழக்கம் பரவியுள்ளது. இவ்வழக்கம் தகுதியுடையதன்று. ராப்5 என்னும் புரதமே இதற்குச் சான்று.

பாடநூல்களின் படங்கள் உயிரணுவை அசைவற்ற அறைபோற் காட்டுகின்றன. உண்மையில் அதனுள், சவ்வினாலான நுண்பைகள் பொருள்களைச் சுமந்து இடையறாது இயங்குகின்றன. இப்போக்குவரத்தின் ஒழுங்கை விளக்கியமைக்காக ரோத்மன், ஷேக்மன், சூடாஃப் ஆகிய மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றனர். எந்தப் பை எங்குச் சேரவேண்டும் என்பதை வரையறுப்பவற்றுள் ராப் புரதங்கள் முதன்மையானவை. மனிதரிடம் இவை அறுபதுக்கும் மேற்பட்டவை. வெளியிலிருந்து விழுங்கப்பட்ட பொருளைத் தாங்கிய பை, உயிரணுவின் முதல் நிலையத்தோடு இணைவதற்கு ராப்5 துணைபுரிகிறது.

நம் உயிரணுக்களில் ராப்5க்குக் கொழுப்புத் தன்மையுள்ள வால் ஒன்று சேர்க்கப்படுகிறது. அதைக் கொண்டே அது சவ்வில் ஊன்றி நிற்கிறது. ஈ. கோலி பாக்டீரியாவுக்கு அவ்வாலைச் சேர்க்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் அதில் விளையும் ராப்5 வாலற்றது. மருந்து தேடுவோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆராய்வோர்க்கோ, வால் எதற்கு இன்றியமையாதது, எதற்கு வேண்டாதது என்று பிரித்தறிய இதுவே கருவியாகும்.

டில்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தின் அமிதாப முகோபாத்யாயவும் அவருடன் உழைத்தோரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. டைபாய்டுக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சால்மனெல்லா, தன்னை விழுங்கிய அணுவினுள்ளேயே உயிர்வாழ வல்லது. அதன் சோப்-ஈ என்னும் புரதம், வாலற்ற ராப்5ஐயும் தான் தங்கிய பையின்மேல் ஈர்த்துத் தொழிற்படச் செய்கிறது என்று அவர்கள் கண்டனர். இதனால் அப்பை முதல் நிலையத்தோடு இணைகிறது. கிருமியை அழிக்கவல்ல லைசோசோமை நோக்கிச் செல்லும் பாதையிலிருந்து அது விலகிநிற்க வழி பிறக்கிறது.

பொதுமக்களின் பணத்தை இத்தகைய ஆய்வுக்குச் செலவிடலாமா என்று கேட்பது நியாயமே. மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டுக் கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், கிருமி ஒளியும் வழியை அறியாமல் அதைத் தடுக்கும் புதுவழி தேடுவது எங்ஙனம்? எனினும், ராப்5ஐ நாளைய மருந்தென்று முழங்குவதும் பிழையாகும். அறிவுக்கருவி என்னும் மதிப்பே அதற்குப் போதும்.

ஆசிரியர்கள் உயிரணுப் படத்தில் நுண்பைகளையும் அவை செல்லும் திசைகளையும் வரைந்து கற்பிக்க வேண்டும். களப்பணியாளர்கள், காய்ச்சல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்த முனைவோரிடம், கிருமி அணுக்களுக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை எடுத்துரைத்து, மருத்துவர் குறித்த நாள்வரை மருந்துண்ணச் செய்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்து உண்மை மக்களைச் சென்றடைய இதுவே நேரிய வழி.