விவாகரத்தும் ஒரு கணக்கு வழக்குதான்!

விவாகரத்து என்றதும் எல்லோரும் மனசைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வக்கீல் ஃபீஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, அன்றைய சம்பள இழப்பு... வழக்கு இழுக்க இழுக்க இதுவும் ஏறிக்கொண்டே போகும். முதலில் களைத்துப் போவது யார்? கையில் காசில்லாதவர்தான்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. இந்து திருமணச் சட்டம் (1955) 24-வது பிரிவின்படி, வருமானம் போதாத கணவனோ மனைவியோ இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இந்த மனுவை முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று 2001-ல் திருத்தமும் வந்தது.

அப்புறம் ஏன் இழுக்கிறது? வருமானத்தை மறைப்பதுதான் முக்கியக் காரணம். மாதச் சம்பளம் சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும். சொந்தத் தொழில் செய்பவர் செலவைக் கூட்டி லாபத்தைக் குறைத்துக் காட்டலாமே! அதைப் பொய் என்று நிரூபிக்க எதிர்த்தரப்பு அலைய வேண்டும்.

இதற்காகத்தான் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. பதில் தர அதிகபட்சம் 4 வாரம். பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது.

ஏறக்குறைய இது குடும்பத்தின் பேலன்ஸ் ஷீட். கம்பெனிக் கணக்கில் பொய் இருந்தால் ஆடிட்டர் விடுவாரா? கோர்ட்டும் விடக்கூடாது. இரண்டு பொய்ப் பத்திரத்துக்காவது உடனே நடவடிக்கை பாயட்டும், மற்றவர்கள் தானாக உண்மை எழுதுவார்கள். அதுவரை இழுத்தடிப்பவருக்குத்தான் லாபம். நஷ்டம் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?