எஞ்சினைக் கழுவிய நீர் யாருடைய வாசலில் நிற்கிறது?



குற்றாலத்திற்குச் சாரலைக் கொண்டுவரும் காற்று, கிழக்கே எங்கள் திருவேங்கடத்தை வந்தடையும்போது புழுதியை மட்டுமே கொண்டுவருகிறது. சென்ற ஆடியில் கரிசல் மண்ணெல்லாம் என் பழைய காரின் பானட்டுக்குள் குடியேறிவிட்டது போலிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், மதரஸா விடுமுறையாயிற்றே என்று பானட்டைத் திறந்தேன். ரப்பர் குழாயின் முனையை விரலால் அழுத்தி, எஞ்சின் மீது நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினேன். கருத்த நீர் தெருவில் இறங்கி ஓடியது. ஜும்ஆவுக்கு முன் ஒரு வேலை முடிந்தது என்ற நிறைவு எனக்கு.

மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் கார் கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக் இருக்கும் குழியில் நீர் தேங்கியிருந்ததாக மெக்கானிக் கூறினார். துடைத்து உலர்த்தியதும் ஓடியது. அது சிறிய செய்தி. பெரிய செய்தி எதிர்வீட்டு வாசலில் இருந்தது. அவ்வீட்டு அம்மையார் நாள்தோறும் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுபவர். தாழ்வான அந்த வாசலின் நடுவில் என் காரின் எண்ணெய் நீர் தேங்கி, பளபளவென்று படர்ந்திருந்தது. அவர் கோலத்தை இரண்டடி தள்ளி, சுவரோரமாக இட்டிருந்தார். என்னைக் கண்டதும், "வண்டி சரியாயிருச்சா பாய்?" என்று மட்டுமே கேட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தூய்மை ஈமானில் பாதி என்னும் ஹதீஸை (முஸ்லிம்) மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். என் அழுக்கை அண்டை வீட்டுக்கு அனுப்பிவைப்பதற்குத் தூய்மை என்று பெயரிட முடியுமா? பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். நானோ தொல்லையைப் பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அண்டை வீட்டார் உரிமையில் முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற வேறுபாடு இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று கேட்ட செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

நீரின் கணக்கையும் பார்ப்போம். பிறகொரு நாள் அதே குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. அன்று நான் கழுவியது இருபது நிமிடம். ஏறத்தாழ 200 லிட்டர்! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கு மேற்படாது. 250 பேருக்கும் அதிகமானோர் உளூச் செய்யக்கூடிய நீரை ஓர் எஞ்சினின் மீது கொட்டியிருக்கிறேன், அதுவும் மழையை நம்பி வாழும் வானம் பார்த்த பூமியில். 2024 மார்ச்சில் பெங்களூரில் நீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்நிலை வந்தபின்தான் நாம் குழாயை அடைக்க வேண்டுமா? சில ஊர்களில் பள்ளிவாசல் குழாயிலேயே இளைஞர்கள் கார் கழுவுகிறார்கள். தொழுகையாளிகளுக்காக வக்ஃபு செய்யப்பட்ட நீர் அது. நம் வாகனத்துக்கு அதில் உரிமை இல்லை என்பதே என் கருத்து.

அப்படியானால் எஞ்சினைத் தொடவே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். தொடத்தான் வேண்டும். அழுக்கேறிய எஞ்சினில் எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது. வைப்பருக்குக் கீழே அடையும் வேப்பிலைச் சருகு நீர் வடியும் துளையை அடைக்கும். எலிக்கும் அது நல்ல மெத்தை. வயரை எலி கடித்த பின் ஆகும் செலவை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இப்போது நான் பெரும்பாலும் உலர்ந்த முறையிலேயே செய்கிறேன். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி ஒதுக்கிவைக்க வேண்டும். சருகைக் கையால் பொறுக்கி, புழுதியை வர்ணம் பூசும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளுக்கு, ஆப்ப சோடா கரைத்த சிறிதளவு நீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். கையுறை மட்டும் மறவாதீர்கள். அரை வாளி நீர்கூட முழுதாகச் செலவாவதில்லை.

பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் எஞ்சின் துடைக்கப் பயன்படுத்துவது இன்னும் வழக்கத்தில் உள்ளது. அவை தீப்பற்றும், ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். உயிரோடு விளையாட வேண்டாம்.

எஞ்சியிருப்பது, துடைத்த துணி. அதையும் வாளியின் அடியில் தங்கிய கருத்த நீரையும் என்ன செய்வது? குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் பயன்படுத்த உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்ததை நம் பகுதியினர் அறிவார்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கே அக்கட்டுப்பாடு என்றால், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ள கழிவு எஞ்சின் ஆயிலைக் கால்வாயில் விடுவதை என்னவென்பது? நான் துணியையும் கருத்த நீரையும் மூடியுள்ள பழைய டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் சேர்த்துவைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். முதல்முறை பட்டறைக்காரத் தம்பி சிரித்தார். இப்போது அவரே டப்பா தருகிறார்.

கூலண்ட் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டரிலிருந்து வடிக்கும் அந்த நிறநீரில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும். சுவையில் இனிப்பு, ஆனால் சிறுநீரகத்தைச் சிதைக்கும் கொடிய நஞ்சு. தெருவில் கொட்டினால் பூனையும் நாயும் நக்கிக் குடித்து மடியும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் கதியையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் பெற்ற மன்னிப்பையும் நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு எட்டாத உயரத்தில் அந்தக் கேனை வைத்திருக்கிறோமா என்று இன்றே பாருங்கள்.

எதிர்வீட்டு அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன பாய், மண்ணு போட்டா சரியாப் போவுது" என்றார். அன்று மாலை நானும் என் மகனும் கரையோரத்து மணலை இரண்டு சட்டி அள்ளிவந்து அவர் வாசலில் பரப்பி, எண்ணெய் ஊறியதும் கூட்டி அள்ளினோம். கறை முழுதாகப் போக மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கோலம் சுவரோரத்திலேயே இருந்தது.